பொம்மையனுக்குக் கலர் போடுவதா, வேண்டாமா?

1

இந்தக் கதை கதையாகப் பிறக்கவில்லை. கட்டுரையாகத்தான் கேட்டார்கள். திண்டுக்கல்லில் புதிதாகப் பத்திரிகை தொடங்கிய நாலு பேர் வீட்டுக்கு வந்து, “காட்சி வடிவமைப்பின் அடிப்படைகளைப் பற்றி எளிமையா எழுதித் தாங்க. படம் வரையத் தெரியாதவனுக்கும் புரியணும்” என்றார்கள். எனக்கே படம் வரையத் தெரியாது. அப்படியானால் நான்தான் சரியான ஆள் என்று ஒப்புக்கொண்டு உட்கார்ந்தேன்.

கோடு என்பது இரண்டு புள்ளிகளுக்கு இடையே உள்ள—

இது கணக்குப் பாடம். அடித்துவிட்டேன்.

கோடு, வடிவம், நிறம், பரப்பு, வெளி ஆகிய ஐந்தும் பஞ்சபூதங்களைப் போல—

இதையும் அடித்தேன். ஐந்து என்றதும் பஞ்சபூதத்தைக் கூப்பிடுகிற ஆளோடு எனக்குப் பேச்சுவார்த்தை கிடையாது, அந்த ஆள் நானாகவே இருந்தாலும்.

சரி, நேரில் பார்த்துவிடலாம் என்று பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு ஃப்ளெக்ஸ் கடைக்குப் போனேன். கம்ப்யூட்டர் முன்னால் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஸ்டூல் போட்டு ஒருவர். காதுகுத்து பேனர். குழந்தை ஒரு மூலையில் தம்மாத்துண்டாக இருந்தது. தாய்மாமன்மார் அறுவர் ஆளுயரத்துக்கு நின்றார்கள். அவர் திரையில் விரலை வைத்து, “இந்த எடம் ஏம்மா சும்மா கெடக்கு?” என்றார். அந்தப் பெண் திரும்பிக்கூடப் பார்க்காமல், “சும்மா கெடக்கலண்ணே, வேலை பாத்துக்கிட்டு இருக்கு” என்றாள்.

நான் உண்மையில் பார்த்தது இவ்வளவுதான். வீட்டுக்கு வந்து கட்டுரையைத் தூக்கிப் போட்டேன். இனி வருவதெல்லாம் நானாகக் கட்டியது. அதில் ஒரே ஒரு பிடிவாதம் வைத்திருக்கிறேன்: இந்தக் கதையில் யாரும் சாகக்கூடாது.

2

அந்தப் பெண்ணின் பெயர் தெரியாது. யுவராணி என்று வைக்கிறேன். சொந்த ஊர் சித்தையன்கோட்டைப் பக்கம். தினமும் திண்டுக்கல் வந்து போகிறாள். கடை முதலாளியாக ஜெரோம் என்று ஒருவரை எழுதியிருந்தேன். மூன்று பக்கம் எழுதிய பிறகு பார்த்தால், “வேண்டாம்மா, கஸ்டமர் சொல்றத செஞ்சுரு” என்பதைத் தவிர அவருக்குக் கதையில் வேலை இல்லை. எடுத்துவிட்டேன். கடையில் ஒரு நாற்காலி காலியாகக் கிடந்தால், அது ஜெரோம் உட்கார்ந்திருந்த நாற்காலி.*

* எதைச் சேர்ப்பது என்பதைவிட எதை எடுப்பது என்பதுதான் வடிவமைப்பு என்று கட்டுரையில் எழுதலாம் என்றிருந்தேன். கட்டுரைதான் இல்லையே, இங்கே கிடக்கட்டும்.

மாலை மயங்கும் வேளையில், செம்பட்டியிலிருந்து புறப்பட்ட பேருந்தொன்று—

மாலை மயங்கட்டும், படிப்பவர் மயங்கக்கூடாது. நேராகச் சொல்கிறேன்.

யுவராணியின் அம்மா சிவனம்மாள். செம்பட்டிக்கு அருகே ஒரு நூல் மில்லில் கேன்டீன் வேலை. தினமும் பொழுது சாயும் நேரத்தில் பஸ்ஸை விட்டு ஒரு வளைவில் இறங்குவாள். வீடு ரோட்டுக்கு மறுபக்கம். வளைவு திரும்பியதும் ஒரு வேகத்தடை. அதன் மேல் வெள்ளைக் கோடு அடித்திருந்தார்கள். டிராக்டர் சக்கரத்துச் சேறும் புழுதியும் ஏறி அந்தக் கோடு இப்போது இல்லை. (பாருங்கள், கோடு என்றால் என்னவென்று இப்போது சொல்லிவிட்டேன். இருந்தால் உயிரைக் காப்பாற்றும், அழிந்தால் ஆளைத் தூக்கி எறியும்.) வேகமாக வருகிறவனுக்கு வேகத்தடை இருப்பது, அதன் மேல் ஏறிய பிறகுதான் தெரியும்.

போன பங்குனியில் ஒரு பைக் அப்படித் துள்ளி, ரோட்டோரம் நின்ற சிவனம்மாள் மேல் வந்து விழுந்தது. இடுப்பெலும்பு விட்டுப்போனது. இப்போது நடக்கிறாள், வேலைக்கும் போகிறாள். ஆனால் வலது பக்கம் சாய்ந்துதான் நடப்பாள். இடது கையில் எப்போதும் ஒரு தூக்குவாளி இருக்கும். “இந்தக் கனம் இல்லாட்டி அங்கிட்டு விழுந்துருவேன்” என்பாள். இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருப்பதுதான் சமநிலை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சிவனம்மாளை எழுதிய பிறகு அப்படி நினைப்பதில்லை.

அந்த வளைவை வரைந்தது நான். சித்தையன்கோட்டை ரோட்டில் போய்த் தேடாதீர்கள். அதுபோல உங்கள் ஊரிலேயே ஒன்று இருக்கும்.

இதுவரைக்கும் கதையைக் கேட்ட நண்பர் ஒருவர், “அந்தம்மாவைக் கொன்னுருங்க சார், அப்பத்தான் கதை நிக்கும்” என்றார். கதை படுத்தாலும் பரவாயில்லை என்று சொல்லிவிட்டேன்.

4

(மூன்றாம் பகுதியில் என் எழுத்து வாழ்க்கையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியிருந்தேன். எடுத்தாயிற்று. அந்த இடம் சும்மா கிடக்கட்டும், வேலை பார்க்கும்.)

யுவராணி ஒரு முடிவுக்கு வந்தாள். வளைவுக்கு முன்னால் ஒரு பலகை வைக்க வேண்டும். யாராவது வைப்பார்கள் என்று காத்திருந்து பார்த்தாகிவிட்டது. இனி அந்த யாராவது தான்தான். முறையாகக் கேட்டு அனுமதியும் வாங்கிவிட்டாள். இரும்புச் சட்டமும் கம்பமும் வேண்டும். அதற்குத்தான் பொம்மையன்.

பொம்மையன் செங்கல் சூளை வைத்திருப்பவர். அவரைக் கெட்டவராக எழுதிப் பார்த்தேன். கதை உடனே சுலபமாகிவிட்டது. அதனால் மாற்றிவிட்டேன். சிவனம்மாள் அடிபட்ட அன்றைக்குத் தன் காரில் தூக்கிப்போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தவர் அவர்தான். சட்டமும் கம்பமும் தருவதாக உடனே ஒப்புக்கொண்டார். ஆனால் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்ததும் சொல்ல ஆரம்பித்தார்.

“நடுவுல நான் கும்புட்டுக்கிட்டு நிக்கிறாப்ல. இங்கிட்டு எம் மகன்க ரெண்டு பேரு. கீழ நம்ம நண்பர்கள் குழு, பதினோரு மொகம். பின்னால சூரியன் உதிக்கிறாப்ல. மூலைக்கு மூலை ரோசாப்பூ. மெதுவாப் போகச் சொல்லி எங்கிட்டாவது போட்டுக்க.”

“மாமா, இம்புட்டையும் பாக்கணும்னா வர்றவன் வண்டிய நிப்பாட்டி ஸ்டாண்டு போடணும்.”

“போடட்டுமே. நிப்பாட்டணும்னுதானத்தா பலகையே வைக்கிறோம்?”

இந்தப் பதிலை எழுதிவிட்டு நான் அரை நாள் திணறினேன். மனுஷன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. யுவராணி திணறவில்லை.

“அவன் நிப்பாட்ட மாட்டான் மாமா. உங்க மூஞ்சியப் பாத்துக்கிட்டே வேகத்தடையில ஏறிருவான்.”

“அப்ப என்னதான் போடணுங்கிற?”

“ஒரே ஒரு வார்த்தை. சுத்தி எடம்.”

“எடம் சும்மா கெடந்தா ஊர்ல என்ன சொல்லுவாக? பொம்மையன் கஞ்சத்தனம் பண்ணிப்புட்டான்னு சொல்லுவாக.”

யுவராணி சன்னல் பக்கம் கையைக் காட்டினாள். திண்டுக்கல்லில் எந்தச் சன்னலில் பார்த்தாலும் தெரிவதுதான் அங்கேயும் தெரிந்தது. “அந்த மலைக்கோட்டை ஏன் மாமா அம்புட்டு தூரத்துல இருந்தே கண்ணுல படுது? ஒத்தையா நிக்குது. பக்கத்துல இன்னும் பத்து மலை நின்னா எவன் நிமிந்து பாப்பான்?”

பொம்மையன் நன்றாகவே பார்த்தார். “அதுலயும் உச்சியில கோட்டை கட்டித்தான வச்சிருக்காக. சும்மாவா விட்டாக?”

மகன்கள் போனார்கள். நண்பர்கள் குழு போனது. சூரியன் போயிற்று. ஒரு முகம் மட்டும் போகவில்லை. அதற்கு அவர் சொன்ன காரணத்தை யுவராணியால் தள்ள முடியவில்லை. “மொகம் இல்லாத ஃப்ளெக்ஸ நம்ம ஊர்ல விட்டுவைப்பாகளா? ரெண்டு நாள்ல மாட்டுக்கொட்டாய்க்குக் கூரை போட அவுத்துட்டுப் போயிருவாக. எம் மொகம் இருந்தா பயப்படுவாக.” உண்மை. பலகைக்குக் காவலாக ஒரு முகம் வேண்டும்.

வார்த்தையைப் பற்றியும் சண்டை வந்தது. ‘வாகன ஓட்டிகளின் கனிவான கவனத்திற்கு’ என்று தொடங்கினார் பொம்மையன். வெட்டிக்கொண்டே வந்து ‘மெதுவாகச் செல்லவும்’ என்பதில் நின்றார்கள். அதையும் வெட்டினாள் யுவராணி. ‘மெதுவா.’ அவ்வளவுதான். “என்னத்தா, மருவாதி இல்லாம இருக்கு?” என்றார். “விழப்போறவனப் பாத்தா மருவாதியாவா கத்துவீக?” என்றாள்.

5

இனி வருவது கவனமாகச் சொல்ல வேண்டிய இடம். என்ன நடந்தது என்பதில் குழப்பம் இல்லை. ஏன் நடந்தது என்பதில்தான் யுவராணி மேல் எனக்கே சந்தேகம்.

மஞ்சள் பரப்பு. அதைச் சுற்றித் தடித்த கறுப்பு விளிம்பு. நடுவில் கறுப்பில் பெரிதாக ‘மெதுவா’. கீழே வலது மூலையில் பொம்மையன். அவர் கொடுத்த படம் ஏதோ திருவிழாவில் எடுத்தது: ரோஸ் நிறச் சட்டை, பச்சைத் துண்டு, நெற்றி நிறையச் சந்தனம். யுவராணி நாற்காலியைப் பின்னால் தள்ளித் தூரத்திலிருந்து பார்த்தாள். கண் நேராக ரோஸ் சட்டைக்குத்தான் போனது. வார்த்தைக்கு வரவே இல்லை. ஒரு படத்தில் ஒரு குரல்தான் உரத்துப் பேசலாம். இங்கே சட்டை கத்திக்கொண்டிருந்தது.

அவள் பொம்மையனின் நிறத்தை எடுத்துவிட்டாள். கறுப்பு வெள்ளையாக்கினாள். கண் வார்த்தைக்குத் திரும்பியது.

அப்போது பொம்மையனிடமிருந்து போன். “பலகை வைக்கிற தேதியப் போட்ரு. பின்னாடி எவனும் நாந்தேன் வச்சேன்னு சொல்லிறக் கூடாது.” சரி என்று, முகத்துக்கு நேர் கீழே பெயரையும், பெயருக்குக் கீழே தேதியையும் போட்டாள். ஒன்றுக்கொன்று சம்பந்தப்பட்டவற்றைப் பக்கத்தில் வைக்க வேண்டும் என்பது வடிவமைப்பில் பால பாடம். ‘உபயம்’ என்ற சொல் முகத்துக்கு மேலே பொடி எழுத்தில் போனது. வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். பொம்மையன் தன் முகத்தை மட்டும் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, “மூக்கு நல்லா வந்துருக்கு, போட்ரு” என்றார்.

நீங்கள் இந்தப் பக்கத்து ஆள் என்றால் இந்நேரம் தலையில் கை வைத்திருப்பீர்கள். கறுப்பு விளிம்பு, நிறமில்லாத முகம், கீழே பெயர், அதற்குக் கீழே ஒரு தேதி.

 கண்ணீர் அஞ்சலி பேனர்களில் இப்போதெல்லாம் கலர் படம்தான் போடுகிறார்கள் என்று நீங்கள் வாதாடலாம். இருக்கட்டும். தெருவில் ஒரு கறுப்பு வெள்ளை முகத்தைப் பார்த்து “இவர் நல்லா இருக்காரா?” என்று கேட்ட ஆள் யாராவது உண்டா?

என் சந்தேகம் இதுதான். யுவராணி வாரத்துக்கு நாலு கண்ணீர் அஞ்சலி அடிப்பவள். அவளுக்கா தெரியாமல் போனது?

6

பலகை காலையில் ஏறியது. மத்தியானம் வளைவில் பஞ்சர் கடை வைத்திருக்கும் அப்துல் கையூம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தார். கண் கலங்கி, பொம்மையன் வீட்டுக்குப் போன் போட்டார்.

“அக்கா, நான் பஞ்சர் கடை கையூம் பேசுறேன். இப்பத்தேன் பாத்தேன். மனசே சரியில்ல. தங்கமான மனுசன். எப்ப எடுக்குறாக?”

“என்னத்த எடுக்குறாக?”

போனை எடுத்தது அக்கா இல்லை, ஆண் குரல்.

“யாரு பேசுறது?”

“நாந்தேன், பொம்மையன்.”

“எந்தப் பொம்மையன்?”

பொம்மையன் அன்றைக்கு விழுந்து விழுந்து சிரித்தார். கண்ணேறு கழிந்தது, ஆயுசு கெட்டி என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். ஆனால் ரோட்டில் போகிறவர்களுக்கு அவர் சிரித்தது தெரியாது. தூரத்தில் அந்த முகத்தைப் பார்த்ததும், ‘அடடே, யாரு இது, நம்ம சூளைக்காரரா’ என்று ஆக்சிலேட்டரைத் தளர்த்தினார்கள். தெரியாதவர்களும் இறந்தவருக்குக் கொடுக்க வேண்டிய மரியாதைக்காக வேகத்தைக் குறைத்தார்கள். குறைத்த பிறகு வேகத்தடை கண்ணில் பட்டது. யாரோ ஒருவர் சட்டத்தில் ஒரு சம்பங்கி மாலையைக்கூடத் தொங்கவிட்டுப் போனார்.

அன்று பொழுது சாயும்போது சிவனம்மாள் பஸ்ஸை விட்டு இறங்கினாள். வீட்டுக்கு வந்து தூக்குவாளியைக்கூட இறக்கி வைக்காமல் மகளிடம் சொன்னாள்: “ஒரு லாரிக்காரன் நின்னுட்டான்டி. நின்னு, போங்கம்மான்னு கையக் காட்டுனான். எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. நமக்காகன்னு ரோட்டுல ஒருத்தன் நின்னது இதுதேன் மொத தடவ.”

யுவராணி அழுதாள். இதை நாசூக்காகச் சொல்ல ஒரு வழி தேடினேன். வேண்டாம். அழுதாள்.

இங்கேயே முடித்திருந்தால் நல்ல கதை. உங்களுக்கும் நிம்மதி. ஆனால் நான் இன்னும் ஒருவரைக் கூட்டிவரவில்லை.

7

மறுநாள் பொம்மையன் கடைக்குள் வந்தபோது அவர் கையில் அந்த ஃப்ளெக்ஸ் சுருட்டி இருந்தது. அவரே ஏறி அவிழ்த்திருந்தார். தரையில் போட்டார். பின்னாலேயே அவர் மனைவி செல்லக்கிளி வந்தார்.

“ஏத்தா, என்னையக் கொன்னுபுட்டியே” என்றார் பொம்மையன்.

“ஒரு நாள் முழுக்க அந்த எடத்துல மாலைதான் மாமா விழுந்துச்சு. ஆளு யாரும் விழல.”

இந்த வரியை யுவராணிக்கு எழுதிக் கொடுத்தபோது எனக்கு ரொம்பப் பெருமையாக இருந்தது. செல்லக்கிளி பேசிய பிறகு அந்தப் பெருமை போய்விட்டது.

“நான் சண்டைக்கு வரலத்தா” என்றார் செல்லக்கிளி. “காலையில வாசத் தெளிக்க வெளிய வாரேன். எதுத்த தெருப் பொம்பளைக நாலு பேரு ஓடியாராக. வந்தவுக மூஞ்சியப் பாக்கல, நெத்தியப் பாக்குறாக. பொட்டு இருக்கான்னு. உள்ள இவுக காப்பி குடிச்சுக்கிட்டு இருக்காக. நான் பொட்டத் தொட்டுத் தொட்டுப் பாக்குறேன், இருக்கா இருக்கான்னு.” யுவராணியிடம் கேட்டார்: “தெரிஞ்சு செஞ்சியா, தெரியாமச் செஞ்சியா?”

யுவராணியின் பதிலை மூன்று முறை எழுதினேன்.

“சத்தியமாத் தெரியாது அத்தை” என்று யுவராணி—

பொய். அவள் தொழிலுக்கே அவமானம்.

“தெரிஞ்சுதான் செஞ்சேன்” என்று நிமிர்ந்து—

அப்படியானால் அவளை எனக்கே பிடிக்காமல் போய்விடும்.

யுவராணி தலை குனிந்து மௌனமாக—

பதில் எழுதத் தெரியாத எழுத்தாளர்கள் மௌனத்தைப் பிடித்துக்கொள்வார்கள். மாட்டேன்.

கடைசியில் அவளே சொன்னதுதான் இது. “எங்கம்மா ரோட்டக் கடக்குறப்ப வர்றவன் கண்ணு அங்கிட்டு இங்கிட்டுப் போகக் கூடாதுன்னு நெனச்சேன் அத்தை. அது மட்டுந்தான் எனக்குத் தெரியும். உங்கள நெனைக்கல. நெனச்சிருக்கணும்.” சொல்லும்போது அவளால் செல்லக்கிளியின் நெற்றியைப் பார்க்க முடியவில்லை. குறுகிப்போனாள். ஆனால் பின்வாங்கவில்லை. “கலர் போட்டுத் தாரேன். ஆனா கலர் போட்டுக் கும்புட்டா, அது இன்னொரு வாழ்த்து பேனர் அத்தை. எவனும் திரும்பிப் பாக்க மாட்டான். எங்கம்மா இன்னைக்கும் அங்கதான் எறங்கும். அதனால என்ன பண்ணலாம்னா—”

“பேசாத!” என்று பொம்மையன் கையை நீட்டினார். உள்ளங்கை விரிந்து, அவள் முகத்துக்கு நேராக.

யுவராணி நின்றாள். பாதி வாக்கியத்தில் வாய் அப்படியே நின்றது. பிறகு, தான் நின்றுவிட்டதைக் கவனித்தாள்.

“மாமா, அந்தக் கைய எறக்காதீக.”

“என்னது?”

“எறக்காதீக மாமா!” என்று படம் பிடிக்கப் போனை எடுத்துவிட்டாள்.

8

இப்போது திரையில் புதிய பலகை. மஞ்சள் அப்படியே. கறுப்பு விளிம்பு போய்விட்டது. பொம்மையன் முழு நிறத்தில், அதே கோபத்தோடு, பின்னால் சின்னதாக. முன்னால் அவர் உள்ளங்கை, பலகையின் பாதி உயரத்துக்கு. செங்கல் தூக்கிக் காய்த்த கை. சொரசொரப்பும் ரேகைகளும் அப்படியே தெரிகின்றன. கைக்குப் பக்கத்தில் ‘மெதுவா’. மற்றதெல்லாம் வெற்று மஞ்சள்.

“தேதி?” என்று கேட்டாள் யுவராணி.

“தேதியும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம்” என்றார் செல்லக்கிளி.

பொம்மையன் ரொம்ப நேரம் திரையையே பார்த்தார். வெற்று மஞ்சளில் விரலை வைத்தார். “இந்த எடம் சும்மா—” என்று ஆரம்பித்து, யுவராணி திரும்பிப் பார்த்ததும் விரலை எடுத்துக்கொண்டார். “இருக்கட்டும். வேலை பாக்கட்டும்” என்றார்.

(பொம்மையன் இவ்வளவு சீக்கிரம் மாறலாமா என்று எனக்கும் உறுத்துகிறது. மாறவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். தன் கை இவ்வளவு பெரிதாக இருப்பது அவருக்குப் பிடித்துப்போயிருக்கலாம்.)

இது பலிக்குமா? இறந்த பொம்மையனுக்கு நின்றவர்கள், உயிரோடு கோபப்படும் பொம்மையனுக்கு நிற்பார்களா? எனக்குத் தெரியாது. யுவராணிக்கும் தெரியாது. பலிக்காவிட்டால் வேறொன்று செய்வேன், அதுவும் பலிக்காவிட்டால் அடுத்தது என்று அவள் முகத்தில் எழுதியிருக்கிறது. அந்த முகத்துக்காகத்தான் இந்தக் கதையை இவ்வளவு தூரம் இழுத்து வந்தேன்.

9

முடிவுக்கு வருவோம். சில முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

ஒன்றில் புதிய பலகை ஏறுகிறது, வண்டிகள் எல்லாம் வரிசையாக மெதுவாகின்றன, வேறு ஊர்க்காரர்கள் வந்து பார்த்துவிட்டு எங்களுக்கும் ஒரு கை வேண்டும் என்கிறார்கள். விளம்பரப் படம் மாதிரி இருந்தது. இன்னொன்றில், பலகை வந்து சேரும்வரை பொம்மையனே வளைவில் போய் நின்று, ரோஸ் சட்டையோடு கையை நீட்டிக்கொண்டிருக்கிறார். இது அழகாகத்தான் இருந்தது. அழகாக இருந்ததாலேயே நம்பவில்லை. மூன்றாவதை என் நண்பர் சொன்னார், அவரை உங்களுக்குத் தெரியும். அதை எழுதவே இல்லை.

ஆகவே நடப்பதை மட்டும் சொல்கிறேன். பொழுது சாய்கிறது. பழைய பலகையைக் காலையிலேயே அவிழ்த்தாகிவிட்டது. வளைவில் சட்டம் வெறுமனே நிற்கிறது. அதற்குள் வானமும் ஒரு மின்கம்பியும்தான் தெரிகின்றன. கையூம் யாருடைய டியூபையோ தண்ணீரில் முக்கிக் குமிழி பார்த்துக்கொண்டிருக்கிறார், தலை குனிந்திருக்கிறது. புதிய ஃப்ளெக்ஸ் அச்சாகி, மை காய்ந்தும் காயாமலும், பொம்மையன் காரின் பின்சீட்டில் கிடக்கிறது. பக்கத்தில் யுவராணி. “கொஞ்சம் வெரசாப் போங்க மாமா” என்கிறாள். என்ன பலகை கொண்டுபோகிறோம் என்பது நினைவுக்கு வந்து, நாக்கைக் கடித்துக்கொள்கிறாள். கார் இப்போதுதான் செம்பட்டியைத் தாண்டுகிறது.

அதற்கு வெகுதூரம் முன்னால், சிவனம்மாளின் பஸ் வளைவில் நின்று, அவளை இறக்கிவிட்டுப் போய்விட்டது.

காருக்கும் அவளுக்கும் நடுவே ரோட்டில் ஒரு பைக் மட்டும் வருகிறது. அதை யார் ஓட்டுவது என்று யோசித்து, ஒரு பெயரும் பொருந்தவில்லை. மில் தொழிலாளியா, கல்லூரி மாணவனா, கல்யாண வீட்டுக்குப் போகிறவரா? ஒவ்வொருவராக ஏற்றிப் பார்த்தேன், ஒவ்வொருவராக இறக்கிவிட்டேன். அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். நீங்கள் ஏறிக்கொள்ளுங்கள்.

முதலிலேயே சொன்னேன், இந்தக் கதையில் யாரும் சாகக்கூடாது என்று. என் பங்குக்கு நான் யாரையும் கொல்லவில்லை. உங்களுக்காக நான் வாக்குக் கொடுக்க முடியாது. யுவராணியின் பலகை உங்களுக்குப் பின்னால் வந்துகொண்டிருக்கிறது. அது உங்களை முந்தப் போவதில்லை. உங்களுக்கு முன்னால் இருக்கும் பலகை, நீங்கள் படிக்கும் இந்தப் பக்கம் ஒன்றுதான். முடிவு உங்கள் வலது கைப் பிடியில் இருக்கிறது.

வளைவு வருகிறது. கோடு அழிந்திருக்கிறது. அந்தப் பக்கம் ஒரு பெண், இடது கையில் தூக்குவாளியோடு, முதல் அடியை ரோட்டில் வைக்கிறாள்.





மெதுவா.